மாடு மேய்ஞ்ச பாதையைத் தேடறதுக்கு 1950கள் டோப்போ மேப்: ஓசூர், அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் யூஸ் பண்ணி பாத்த ரிவ்யூ

எங்க பக்கத்து வரலாறுன்னு யாராச்சும் ஆரம்பிச்சா உடனே கோட்டை, திப்பு சுல்தான், 1792ல பாராமகால்னு சொன்ன நம்ம கிருஷ்ணகிரி தர்மபுரி சீமை கும்பெனி கைக்கு போனது, அதை நிர்வாகம் பண்ண அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ, அப்படியே ஓசூர் பக்கம் வந்து ராஜாஜி பொறந்த தொரப்பள்ளி, அதோட முடிஞ்சுடும். ஆனா தேன்கனிக்கோட்டைல இருந்து அஞ்செட்டி, உரிகம், பென்னாகரம், ஒகேனக்கல் வரைக்கும் எத்தனையோ தலைமுறை மாட்டை நம்பித்தான் வாழ்ந்துச்சு, ஆலம்பாடி மாடுன்னு ஒரு இனமே இந்த காவேரி கரை காட்டுல மேய்ஞ்சுதான் பேர் வாங்குச்சு, அதுக்கு கல்வெட்டும் கிடையாது கோட்டையும் கிடையாது, வயசானவங்க வாயில மட்டும்தான் இருக்கு, அவங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டே இருக்காங்க. அந்த கதையை தரையில வெச்சு தேடறதுக்கு நான் யூஸ் பண்ற சாமான் பழைய டோப்போ மேப், அதாவது மேடு பள்ளம், ஆறு, ரோடு, ஊரெல்லாம் அளந்து போட்ட மேப். அதை பத்திதான் இந்த ரிவ்யூ, கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

முதல்ல எது எங்க கிடைக்கும்னு சொல்லிடறேன். அமெரிக்க ராணுவத்தோட மேப் பிரிவு 1950கள்ல இந்தியா பாகிஸ்தான் முழுக்க 1:250,000 அளவுல ஒரு சீரிஸ் போட்டாங்க, யூ502ன்னு பேரு. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தோட பெர்ரி காஸ்டானெடா லைப்ரரி அதை ஸ்கேன் பண்ணி சும்மாவே டவுன்லோடு பண்ற மாதிரி போட்டு வெச்சிருக்கு. லாகின் வேணாம், காசு வேணாம். நம்ம ஏரியாவுக்கு ரெண்டு ஷீட் எடுத்தா போதும். என்டி 44-13ல கிருஷ்ணகிரி, தர்மபுரி, அரூர், ஊத்தங்கரை எல்லாம் வந்துடும், என்டி 43-16ல ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் வரும். 78 டிகிரி தீர்க்கரேகைதான் ரெண்டுக்கும் நடுவுல எல்லை, அது சூளகிரியை ஒட்டியே வெட்டிட்டு போகுது. இது தெரியாம ரெண்டு ஷீட்டையும் பக்கத்து பக்கத்துல வெச்சு கட்டம் ஏன் ஒட்ட மாட்டேங்குதுன்னு குழம்பாதீங்க, யூடிஎம்னு உலகத்தை பட்டை பட்டையா பிரிச்சு கட்டம் போடற முறைல அந்த எடத்துலயே ஜோன் 43 முடிஞ்சு 44 ஆரம்பிக்குது, கட்டம் ரெண்டு பக்கமும் வேற வேற சாய்வுல தான் இருக்கும். ஆறு, ரோடு, மலைய வெச்சு ஒட்டுங்க, கட்டத்தை வெச்சு ஒட்டாதீங்க.

இப்படி மேப்பை வெச்சு மேய்ச்சல் நாட்டு வரலாறு தேடற பழக்கம் எனக்கு அமெரிக்கா ராஞ்ச்காரங்க பண்றத பாத்துதான் வந்துச்சு. அங்க யுஎஸ்ஜிஎஸ்னு அவங்க அரசு சர்வே ஆபீஸ் 1884ல இருந்து போட்ட டோப்போ ஷீட் எல்லாத்தையும் டோப்போவியூன்னு ஒரு சைட்ல ஃப்ரீயா குடுக்கறாங்க. மாட்டுப்பண்ணை இருக்கற கவுண்டிகள்ல அந்த ஷீட்டை எடுத்தா காத்தாடி வெச்சு தண்ணி எறைக்கற எடம், மாடு தண்ணி குடிக்க வெட்டின குட்டை, பண்ணை வீடு, ஒரே ரூம் பள்ளிக்கூடம், எல்லாம் குறிச்சிருக்கும். 1950கள் ஷீட்டையும் இப்ப இருக்கற ஷீட்டையும் பக்கத்துல வெச்சா எந்த பண்ணை காலியாச்சு, எந்த ரோடு செத்துப்போச்சுன்னு கண்ணாலயே தெரியும். நம்ம ஊர்ல காத்தாடி கிடையாது, ஆனா கிணறு இருக்கு, ஏரி இருக்கு, பட்டி இருக்கு, சந்தை இருக்கு. அதே வேலையை இங்கயும் செய்யலாம்.

யூ502 எப்படின்னா, ஒரு சென்டிமீட்டர் ரெண்டரை கிலோமீட்டர். அதனால கிணறெல்லாம் எதிர்பாக்காதீங்க, சின்ன குட்டையும் வராது. ஆனா நிலத்தோட வாகு ஒரே பார்வைல தெரியும், அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்னா அஞ்சு ஸ்டார். ஓசூர் மேட்டு நிலம் கிட்டத்தட்ட 3000 அடி, காண்டூர் கோடெல்லாம் (ஒரே உசரத்துல இருக்கற எடங்களை சேர்க்கற கோடு) தள்ளி தள்ளி சாவகாசமா போகும், ஏரி ஏரியா இருக்கும். அப்படியே தெற்கால மேலகிரி மலைக்கு வந்தா கோடெல்லாம் நெருங்கி பழுப்பா கருத்துடும். அதுக்கும் கீழ காவேரி, ஒகேனக்கல் பக்கம் ஆயிரம் அடிக்கும் கம்மி. மேல இருந்து கீழ 2000 அடிக்கு மேல எறக்கம். மாடு அதுல எங்க வேணா எறங்கிடாது, எந்த ஓடை வழியா சரிவு மெதுவா போகுதோ அந்த வழியாத்தான் எறங்கும். காண்டூரை மட்டும் வெச்சே எந்த எடத்துல பாதை இருந்திருக்கும்னு ஓரளவு சொல்லிடலாம், அப்புறம் நேர்ல போயி கேட்டா அங்கதான் இருந்திருக்கும்.

மத்திகிரியை இதே கண்ணோட பாருங்க. 1824ல கும்பெனி ராணுவத்துக்கு குதிரை வளக்கறதுக்கு ரிமவுண்ட் டிப்போன்னு ஆரம்பிச்ச எடம், பின்னாடி மாட்டுப்பண்ணை ஆச்சு, இப்பவும் கால்நடை பராமரிப்பு துறை பண்ணையா ஓடுது, 1600 ஏக்கருக்கு மேல. ஓசூர்ல இருக்கற நெறைய பேருக்கு மத்திகிரி கூட்ரோடுன்னா ட்ராஃபிக் மட்டும்தான் ஞாபகம் வரும். பழைய ஷீட்டுல ஓசூர் ஒரு சின்ன ஊரு, சிப்காட் கிடையாது, சுத்தி ஏரியும் மேடும் தான். சமமான தரை, குளிர்ந்த காத்து, தண்ணி, பெங்களூரு ராணுவ முகாம் பக்கத்துலயே, ஏன் இந்த எடத்தை புடிச்சாங்கன்னு யாரும் சொல்லாமயே புரியுது. இருநூறு வருஷமா ஒரே வேலைக்கு யூஸ் ஆகற நிலம் நம்ம மாநிலத்துல எத்தனை இருக்கும்னு யோசிச்சு பாருங்க, எனக்கு அந்த பண்ணை வேலி ஓரமா போறப்ப எல்லாம் நின்னு பாத்துட்டு போகணும்னு தோணும்.

உண்மையான புதையல் என்னன்னா நம்ம மத்திய அரசு மேப் ஆபீஸ் சர்வே ஆஃப் இந்தியாவோட ஒன் இன்ச் ஷீட். ஒரு அங்குலம் ஒரு மைல், 1:63,360. மீட்டர் கணக்குக்கு மாறறதுக்கு முன்னாடி வந்தது. ஷீட் நம்பர் சொல்றேன், ஓசூர், மத்திகிரி, தேன்கனிக்கோட்டை 57 எச்/14ல வரும், பென்னாகரம் ஒகேனக்கல் 57 எச்/16, கிருஷ்ணகிரி 57 எல்/2, தர்மபுரி டவுன் 57 எல்/4. பழைய காலேஜ் ஜியாக்ரஃபி டிபார்ட்மென்ட், லைப்ரரி, சில சமயம் பழைய பேப்பர் கடைல கூட மடிச்ச மேனிக்கு கிடைக்கும். கிடைச்சா விடாதீங்க. இதுல பயிர் நிலம் மஞ்சள், காடு பச்சை, ஊரும் ரோடும் செகப்பு, மேடு பழுப்பு. தண்ணி நிக்கற ஓடைன்னா நீலம், காஞ்சு கெடக்கற ஓடைன்னா கறுப்பு. மாட்டுக்காரனுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும், எந்த ஓடைய நம்பி மந்தைய ஓட்டலாம், எதுல ஓட்டினா மாடு நாக்கு தொங்கும்னு அந்த கலரே சொல்லிடும். ஏரிக்கரை பக்கத்துல சின்னதா ஒரு நம்பரும் ஒரு ஆர் எழுத்தும் இருக்கும், அது கரை தரைல இருந்து எவ்வளவு உசரம்னு. கல்லு கட்டின கிணறுக்கு ஒரு குறி, வெறும் மண் கிணறுக்கு ஒரு குறி. ரிசர்வ் காட்டோட எல்லை தனி கோடு.

எனக்கு ரொம்ப புடிச்சது சந்தை. ஊர் பேர் பக்கத்துலயே சந்தை எந்த கிழமைன்னு அச்சடிச்சிருப்பாங்க. இப்பவும் நம்ம பக்கம் போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை, குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை, காரிமங்கலம் செவ்வாய்க்கிழமைன்னு கெழமைய வெச்சுத்தான் மாட்டு ஆட்டு வியாபாரமே நடக்குது. பழைய ஷீட்டுல இருக்கற சந்தை கெழமைய எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, ஒரு சந்தைல இருந்து அடுத்த சந்தைக்கு தூரம் அளந்து பாருங்க, மாட்டை நடத்தியே ஓட்டிட்டு போற வியாபாரி ஒரு வாரம் எப்படி சுத்தியிருப்பான்னு ஒரு வட்டமே கிடைச்சுடும். ரோட்டு மேல போற லாரிய மட்டும் பாத்து வளந்த நமக்கு அந்த வட்டம் வேற எங்கயும் தெரியாது.

இப்ப முக்கியமான விஷயம், இதை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கோங்க. மேப்ல போட்டிருக்கற வருஷம் வேற, சர்வே பண்ண வருஷம் வேற. யூ502 1950கள்ல அச்சடிச்சது, ஆனா அமெரிக்காகாரங்க இங்க வந்து அளக்கல, சர்வே ஆஃப் இந்தியாவோட பழைய ஷீட்டுகளை வெச்சு தொகுத்ததுதான். ஓரத்துல எந்த பகுதிக்கு எந்த ஆதாரம்னு ஒரு சின்ன படம் போட்டிருப்பாங்க, முதல்ல அதைத்தான் படிக்கணும். அதனால 1955ல ஒரு ஊர் இருந்துச்சுன்னு இந்த மேப்ப காட்டி அடிச்சு சொல்லக்கூடாது, அதுக்கு இருபது முப்பது வருஷம் முன்னாடி இருந்துச்சுன்னு வேணா சொல்லலாம். கிருஷ்ணகிரி அணைய எடுத்துக்கோங்க, 1950கள் கடைசில கட்டி முடிச்சது, அதுக்கு முன்னாடி சர்வே பண்ண ஷீட்டுல தென்பெண்ணை நிக்காம அப்படியே காவேரிப்பட்டணம் பக்கம் ஓடிட்டு இருக்கும். இன்னிக்கு அணைத்தண்ணி நிக்கற எடத்துல அன்னிக்கு என்ன ஊர், என்ன வயல், எந்த பாதைன்னு பாக்கணும்னா அந்த ஷீட்டுதான் வழி.

குட்டி ரயில் கதையும் அதே மாதிரிதான். மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு 1906ல ரெண்டரை அடி அகலத்துல ஒரு நேரோ கேஜ் லைன் வந்துச்சு, 1913ல ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கும் 1905ல ஒண்ணு. பின்னாடி ரெண்டையும் மூடிட்டாங்க, மொரப்பூர் லைனை மூடினது 1941ல, யுத்த நேரத்துல. 1941க்கு முன்னாடி ஷீட்டையும் பின்னாடி திருத்தின ஷீட்டையும் வெச்சு பாத்தா ரயில் இருந்து இல்லாம போறது தெரியும், ஓசூருக்கு இப்ப போற ரயில் ரொம்ப பின்னாடி போட்டது. கிருஷ்ணகிரிக்கு இன்னிக்கு வரைக்கும் ரயில் இல்லன்னு நாம பேசிட்டே இருக்கோம், அந்த பழைய தடத்தை மேப்ல ஒருதரம் பாத்தவங்க அதை பேசற விதமே மாறிடும்.

அஞ்செட்டி பக்கம் நடந்தத சொல்றேன், இந்த மேப்போட அருமை அங்கதான் எனக்கு முழுசா தெரிஞ்சுது. மந்தைய ஓட்டின ஒரு பெரியவர்கிட்ட பிரிண்ட் எடுத்த பேப்பரை விரிச்சு வெச்சேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்க வராது, தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாரு. நான் வடக்கு மேல இருக்கற மாதிரி வெச்சு "தாத்தா, இது அஞ்செட்டி, இது காவேரி"ன்னு காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் பேப்பரை புடிச்சு அரை சுத்து திருப்பினாரு. "ஆறு அந்த பக்கம் இருக்குது, நீ எம்மடியில கொண்டாந்து வெச்சா எப்படிப்பா தெரியும்"னு சொல்லிட்டு தான் உக்காந்திருக்கற தெசைக்கு ஆத்தை கொண்டுபோயிட்டாரு. அதுக்கப்புறம் வெரல் நிக்கவே இல்ல. மாசி பங்குனில மேல தண்ணி வத்தினா எந்த பள்ளத்து வழியா எறங்குவாங்க, நடுவுல எந்த குட்டைல நிறுத்துவாங்க, முள்ளு வெட்டி பட்டி போட்டு கன்னுக்குட்டிய எங்க அடைப்பாங்க, சிறுத்தை எந்த பக்கம் இருந்து வரும், மழை விழுந்ததும் எப்ப மேல ஏறுவாங்க, எருவை வண்டி கட்டி எந்த ஊர் ராகி காட்டுக்கு ஏத்துவாங்கன்னு எல்லாம் வெரலாலயே காட்டினாரு. நான் வாய்ல கேட்டிருந்தா "அப்பல்லாம் காட்டுல மேய்ப்போம் தம்பி"ன்னு ஒரு வரில முடிச்சிருப்பாரு. அந்த பேப்பர் நடுவுல இருந்ததால சாயங்காலம் வரைக்கும் பேசினாரு. அவரு காட்டின பட்டி எடத்துல ரெண்டு மூணு, மேப்ல பேரோட குக்கிராமமாவே குறிச்சிருந்துச்சு.

அதனால சொல்றேன், மொபைல்ல காட்டாதீங்க. பெரிய பேப்பர்ல எடுத்துட்டு போங்க. பெரியவங்க திருப்பணும், கை வெக்கணும், நாலு பேர் சுத்தி நின்னு "இல்ல இல்ல அந்த ஓடை இதுக்கு மேக்கால"ன்னு சண்டை போடணும். அஞ்சு இன்ச் ஸ்கிரீன்ல அது நடக்காது.

இது வெறும் பொழுதுபோக்குன்னு நெனைக்காதீங்க. 2014ல காவேரி வடக்கு சரணாலயம் அறிவிச்சாங்க, அஞ்செட்டி உரிகம் பக்கத்து காடெல்லாம் அதுல வருது. 2022ல சென்னை உயர் நீதிமன்றம் முதல்ல தமிழ்நாட்டு காட்டுல எங்கயும் மாடு மேய்க்கக்கூடாதுன்னு சொல்லி, அப்புறம் சரணாலயம், தேசிய பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு மாத்தினாங்க. இன்னொரு பக்கம் 2006 வன உரிமை சட்டம் மேய்ச்சலையும் சமூக உரிமையா சொல்லுது, அந்த சட்டத்தோட விதிகள்ல ஆதாரமா எதெல்லாம் காட்டலாம்னு வர்ற லிஸ்ட்டுல மேப்பும் இருக்கு, பெரியவங்க சொல்ற வாக்குமூலமும் இருக்கு. காடும் வேணும், யானையும் வேணும், அதுல எனக்கு மாத்து கருத்து இல்ல. ஆனா இங்க மாடு மேய்ச்சவங்க நேத்து வந்து புகுந்தவங்க மாதிரி பேசறப்ப வயிறு எரியுது. மேப்பு மட்டும் தனியா எதையும் நிரூபிச்சுடாது, கிராம கணக்குல அ-பதிவேட்டுல மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளின்னு இருக்கற சர்வே நம்பர், பெரியவங்க சொல்றது, இந்த ஷீட்டு, மூணும் ஒரே எடத்தை காட்டினா அதுக்கு கனம் இருக்கு.

டெக்னிக்கல் விஷயம் கொஞ்சம். பழைய ஷீட்டை கூகுள் எர்த்ல இமேஜ் ஓவர்லேன்னு போட்டு மேல வெக்கலாம், இன்னும் துல்லியமா வேணும்னா கியூஜிஐஎஸ்னு ஒரு மேப் சாஃப்ட்வேர்ல ஜியோரெஃபரன்ஸ் பண்ணலாம், அதாவது ஷீட்டுல இருக்கற புள்ளிகளை நிஜ எடத்தோட பொருத்தலாம், ரெண்டு சாஃப்ட்வேருமே ஃப்ரீ. ஓரத்துல போட்டிருக்கற அட்சரேகை தீர்க்கரேகைய நம்பி மட்டும் வெச்சா சில நூறு மீட்டர் தள்ளி உக்காரும், ஏன்னா அந்த காலத்து இந்திய சர்வே பூமியோட வடிவத்துக்கு எவரெஸ்ட்னு ஒரு பழைய கணக்கை வெச்சு பண்ணது, ஜிபிஎஸ் வேற கணக்கு. அதனால மாறாத எடமா நாலஞ்சு புள்ளி புடிச்சு வெச்சு இழுங்க. கோயில், மலை உச்சில இருக்கற சர்வே கல்லு, பழைய ஏரிக்கரையோட முனை, ராயக்கோட்டை மாதிரி கோட்டை மதில், இதெல்லாம் நகராது. ரோடு கூடற எடத்தை வெக்காதீங்க, நாலுவழி சாலை வந்தப்புறம் எந்த ஜங்ஷனும் பழைய எடத்துல இல்ல. ஊர் பேர் தேடறப்ப தேன்கனிக்கோட்டையை டெங்கனிகோட்டான்னுதான் போட்டிருப்பான், வாய்விட்டு படிச்சா ஊர் புடிபட்டுடும்.

புதுசா சர்வே ஆஃப் இந்தியா 2017ல இருந்து 1:50,000 ஓப்பன் சீரிஸ் ஷீட்டை ஆன்லைன்ல ஃப்ரீயா பிடிஎஃப்பா குடுக்குது. அது ஜிபிஎஸ்ஸோட ஒத்துப்போற கணக்கு, அதனால போன்ல போட்டு காட்டுக்குள்ள எங்க நிக்கறோம்னு பாக்க அதுதான் வசதி. வரலாறுக்கு அது மட்டும் போதாது, ஆனா பழசு பக்கத்துல வெச்சு ஒப்பிட கட்டாயம் வேணும். எங்க ஏரி பிளாட் ஆச்சு, எந்த குக்கிராமம் பேரே இல்லாம போச்சுன்னு அந்த ஒப்பீட்டுலதான் தெரியும்.

ஸ்டார் குடுக்கணும்னா யூ502க்கு அஞ்சுக்கு நாலு. ஃப்ரீ, தெளிவு, நிலத்தோட வாகு அருமை, ஆனா சின்ன விஷயம் கிடையாது, ஆதாரம் எந்த வருஷம்னு பாத்து பாத்துதான் பேசணும். ஒன் இன்ச் ஷீட்டுக்கு முழுசா அஞ்சு, கிடைக்கறதுதான் கஷ்டம். யார் வீட்லயாச்சும் பரண் மேல நம்ம பக்கத்து 57 எச், 57 எல் ஷீட்டு இருந்தா எடைக்கு போடாம ஒரு ஸ்கேன் எடுத்து வெச்சுடுங்க, மடிப்பு விழுந்த எடம் கிழியறதுக்கு முன்னாடி.

பிரிண்ட் எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஓசூர்ல கம்பெனி டிராயிங் எடுக்கற பிளாட்டர் கடை எதுலயும் ஏ1, ஏ0 சைஸ் எடுத்து தருவாங்க, ஒரு பிரியாணி காசுக்குள்ள முடிஞ்சுடும். ஃபிட் டூ பேஜ் போட வேணாம், ஒரிஜினல் சைஸ்லயே எடுங்கன்னு சொல்லிடுங்க, எடுத்ததும் கீழ இருக்கற ஸ்கேல் கோட்டை ரூலர் வெச்சு அளந்து பாத்துட்டு காசு குடுங்க. கிளாஸி பேப்பர் வேணாம், வெயில்ல பளபளன்னு ஒண்ணும் தெரியாது, சாதா பேப்பர்னா பென்சில்ல பெரியவங்க சொல்ற பாதைய அங்கயே கோடு போட்டுக்கலாம். ரெண்டு காப்பியா எடுங்க, ஒண்ணை அவங்ககிட்டயே குடுத்துட்டு வந்துடுங்க.